முன்னே 15 வருஷம், பின்னே 15 வருஷம்: ஒரே ஒரு ஹிட் கொடுத்த சம்பவாம்பா

'டப்தம்பிங்' என்று பெயரைச் சொன்னால் பலருக்குப் பிடிபடாது. கீழே தள்ளினாலும் மறுபடி எழுந்து நிற்பேன், என்னை யாரும் வீழ்த்த முடியாது என்று ஒரு கூட்டமே சேர்ந்து கத்தும் பல்லவியைப் பாடிக் காட்டினால் சட்டென்று தெரிந்துவிடும். 1997-இல் வந்த பாட்டு. விளையாட்டு மைதானம், கல்லூரி விருந்து, அரசியல் மேடை என்று இன்னமும் எங்கேயாவது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. பாடியவர்கள் யார் என்று கேட்டால், அந்த ஒரு பாட்டோடு காணாமல் போனவர்கள் என்பதுதான் வழக்கமான பதில்.

அந்தப் பதில் பாதிதான் சரி. சம்பவாம்பா என்ற அந்த பிரிட்டிஷ் குழு தொடங்கியது 1982-இல்; கடையை மூடியது 2012-இல். ஹிட் வந்த வருஷம் இரண்டுக்கும் சரியாக நடுவில் விழுகிறது. இசை விற்பனைப் பட்டியலில் இடம் பிடிக்க முயன்று தோற்று, ஒருமுறை ஜெயித்து, மறுபடி தோற்ற வழக்கமான ராக் குழு அல்ல இது. முதல் 15 வருஷம் அவர்கள் அந்தப் பட்டியலையே எதிரியாகப் பார்த்தவர்கள். பிறகு தெரிந்தே உள்ளே நுழைந்தார்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், வெளியே வந்தார்கள். காசு விஷயத்தில் அந்தத் திட்டம் பலித்தது என்பேன். பாட்டு விஷயத்தில் பலிக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: யார் வேண்டுமானாலும் தன் பாட்டாக எடுத்துப் பாடும்படி அதை எழுதிவிட்டார்கள்.

காலி வீடும் கலகக் குரலும்

வட இங்கிலாந்தில் பர்ன்லி என்று ஒரு பழைய பஞ்சாலை ஊர். பாஃப் வாலி, டான்பர்ட் நோபேக்கன், லூ வாட்ஸ் ஆகியோர் அந்தப் பக்கத்துக்காரர்கள். லீட்ஸ் நகரத்தின் ஆர்ம்லி பகுதியில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பெரிய வீட்டில் இவர்களும் நண்பர்களும் குடியேறினார்கள். இப்படிக் காலி வீடுகளைப் பிடித்துக் கூட்டாக வாழ்வது, பங்க் என்ற கரடுமுரடான கலக ராக் இசையைப் பின்பற்றிய அன்றைய இளைஞர்களிடம் பரவலாக இருந்த பழக்கம். சமையலும் பொது, சம்பாத்தியமும் பொது. அரசும் முதலாளியும் தேவையில்லை என்கிற அனார்க்கிஸ்ட் கொள்கை அவர்களுக்குச் சட்டையில் எழுதிக்கொள்ளும் வாசகம் மட்டுமாக இருக்கவில்லை. வீட்டுச் செலவு, பாத்திரம் கழுவும் முறை வரைக்கும் அது வந்தது. பின்னாளில் கோடிக்கணக்கில் பணம் வந்தபோதும் குழுவின் எட்டுப் பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டதற்கு வேர் இந்த வீட்டில்தான் இருக்கிறது.

அனார்க்கோ-பங்க் இசையின் தாய்வீடு என்று சொல்லத்தக்க 'கிராஸ்' குழு 1982-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் இவர்களுடைய பாட்டு இடம்பெற்றது. அதே காலத்தில் ஒரு குறும்பும் செய்தார்கள். முரட்டுத்தனமே பெருமை என்று பாடும் 'ஓய்' வகைப் பங்க் இசையை ஒரு பெரிய இசைப் பத்திரிகை தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. இவர்கள் 'ஸ்கின் டிசீஸ்' என்று இல்லாத ஒரு குழுவின் பெயரில் கேசட் அனுப்பினார்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டு, இசைத்தட்டுக்கே அழைப்பு வந்துவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போய், 'நான் ஒரு மண்டு' என்ற பொருளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்திப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். கேலிதான் இவர்களுடைய முதல் ஆயுதம். 1998-இல் ஒரு துணைப் பிரதமரின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது உலகம் திடுக்கிட்டது. இந்தக் கதை தெரிந்தவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இருந்திருக்காது.

இவர்களை உருவாக்கிய நிகழ்ச்சி எது என்று கேட்டால் 1984–85 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று சொல்வேன். மார்கரெட் தாட்சர் அரசின் சுரங்க மூடல் திட்டத்தை எதிர்த்து ஒரு வருஷம் நீண்ட போராட்டம் அது, தொழிலாளர்கள் தோற்றார்கள். லீட்ஸைச் சுற்றியிருக்கிற யார்க்‌ஷர்தான் அதன் மையக் களங்களில் ஒன்று. இவர்கள் நிதி திரட்டக் கச்சேரி செய்தார்கள், வேலைநிறுத்தத்துக்காகவே ஒரு கேசட் வெளியிட்டார்கள், ஃபிட்ஸ்வில்லியம் என்ற சுரங்கக் கிராமத்தைப் பற்றிப் பாட்டு எழுதினார்கள். அதுவரை தங்களைப் போலவே உடுத்தி, தங்களைப் போலவே யோசித்த இளைஞர்களுக்கு மட்டும் பாடியவர்கள், முதல்முறையாக வேறு வகையான கூட்டத்துக்கு முன்னால் நின்றார்கள். பங்க் கூச்சலைக் கேட்டுப் பழகாத சுரங்கத் தொழிலாளிக் குடும்பங்கள். கூடச் சேர்ந்து பாடக்கூடிய மெட்டின் மதிப்பு அவர்களுக்கு அங்கேதான் புரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிற்பாடு வந்த இசை அந்தப் பக்கமாகவே நகர்ந்தது.

முதல் ஆல்பம் 1986-இல், அவர்களுடைய சொந்த நிறுவனமான அஜிட்-ப்ராப் வழியாக வந்தது. பட்டினிக் குழந்தைகளின் படம் இசைத்தட்டை விற்கும் என்பது தலைப்பின் பொருள். முந்தைய வருஷம் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரியின்மீது நேரடியான தாக்குதல். பஞ்சத்துக்குக் காரணமான பொருளாதாரத்தைப் பேசாமல் நட்சத்திரங்களின் பெருந்தன்மையைக் கொண்டாடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். உலகமே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கொஞ்சம் முரட்டுப் பிடிவாதமும் வேண்டும். அவர்களிடம் இரண்டுமே தாராளமாக இருந்தன.

1988-இல் வந்த ஆல்பம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. 'இங்லிஷ் ரெபல் சாங்ஸ் 1381–1914'. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, வெறும் குரல்கள். 1381 உழவர் கிளர்ச்சி தொடங்கி முதல் உலகப்போர் வரைக்குமான கலகப் பாடல்கள். ஒரு பங்க் குழு நாட்டார் பாடல் பக்கம் இப்படித் திரும்பியது அன்றைக்கு வினோதம். பின்னர் நடனத் தாளம், சாம்பிளிங் என்று போனார்கள். மற்றவர்களின் பாடல்களிலிருந்து துண்டுகளை எடுத்துக் கோத்த ஒரு ஆல்பம் பதிப்புரிமைச் சிக்கலால் வெளியாகாமலே நின்று, மாற்றியமைக்கப்பட்டு 1992-இல் 'ஷ்ஹ்' என்ற பெயரில் வந்தது. 1994-இல் வந்த 'அனார்க்கி'யின் அட்டையில் குழந்தை பிறக்கும் நொடியின் புகைப்படம்; பல கடைகள் அதை வெளியே வைக்க மறுத்தன.

இவ்வளவு செய்தும் கேட்டவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அவர்களோடு உடன்பட்டவர்கள்தான். இந்தச் சலிப்பு தெரியாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

எதிரியின் வாசலில் கையெழுத்து

1989-இல் ஈஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைக் கெட்ட வார்த்தையால் திட்டும் தலைப்போடு ஒரு பங்க் தொகுப்பு வந்தது. அதில் சம்பவாம்பாவின் பாட்டும் உண்டு. ஈஎம்ஐமேல் அவ்வளவு கோபத்துக்குக் காரணம் அது பெரிய நிறுவனம் என்பது மட்டுமல்ல; அப்போது தார்ன் ஈஎம்ஐ என்ற பெயரில் ராணுவ மின்னணுச் சாதனங்கள் செய்யும் தொழிலும் அதே குடையின்கீழ் இருந்தது. 1996-இல்தான் இசைப் பிரிவு தனியாகப் பிரிந்தது.

1997-இல் அதே ஈஎம்ஐயின் ஜெர்மன் கிளையோடு சம்பவாம்பா ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவில் யுனிவர்சல்.

பழைய தோழர்கள் கொதித்துப்போனார்கள். 'ஓய் பொல்லாய்' முதலான அனார்க்கோ-பங்க் குழுக்கள் சேர்ந்து 1998-இல் இவர்களுக்கு எதிராகவே ஒரு இசைத்தட்டு வெளியிட்டன. வெட்கங்கெட்ட வேஷம் இசைத்தட்டை விற்கும் என்பது அதன் தலைப்பின் பொருள். இவர்களுடைய முதல் ஆல்பத் தலைப்பை எடுத்து இவர்கள்மீதே எறிந்தார்கள். நல்ல அடி, அதை மறுக்க முடியாது.

சம்பவாம்பா பக்கத்து நியாயம் இதுதான்: சிறிய சுயேச்சை நிறுவனமும் லாபத்துக்காக நடப்பதே, அளவில் சிறியது என்பதற்காக அது தூய்மையாகிவிடாது. புதிய ஆல்பத்தின் விஷயத்தில் அப்போதிருந்த ஒன் லிட்டில் இந்தியன் நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் ஏற்கெனவே வெளியே வந்திருந்தார்கள். இனி எங்கே போனாலும் ஒரு முதலாளியிடம்தான் போக வேண்டும் என்றால், அதிகம் பேரைச் சென்றடையும் முதலாளியிடம் போவோமே என்பது கணக்கு. இந்த வாதம் வசதியான வாதம். ஆனால் வசதியானது என்பதாலேயே பொய்யாகிவிடாது. அதன் உண்மையை அவர்கள் அடுத்துச் செய்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது

பாட்டு எடுத்த எடுப்பிலேயே பல்லவிக்கு வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் வரும் ஒரு வரி கால்பந்து ரசிகர்களின் கோஷத்திலிருந்து பிறந்தது: ஜெயிக்கும்போது மட்டும்தான் உங்களுக்குப் பாட்டு வரும் என்று எதிரணி ரசிகர்களைச் சீண்டும் பழைய கோஷம். அதைத் திருப்பிப்போட்டு, ஜெயிக்கும்போது நாங்கள் பாடிக்கொண்டிருப்போம் என்று ஆக்கியிருக்கிறார்கள். பல்லவியைத் தனிக்குரல் பாடவில்லை, கூட்டம் கத்துகிறது. நடுவில் லூ வாட்ஸின் மென்மையான குரல், தேவாலயப் பாடல் போன்ற ராகத்தில், இரவு முழுக்கக் குடித்துக் கழிப்பதைப் பற்றிக் கொச்சையாக ஒரு வரி பாடுகிறது. சரணத்தில் விஸ்கி, வோட்கா, லாகர், சைடர் என்று ஒரு குடிகாரனின் பட்டியல். 'டேனி பாய்' என்ற பழைய பாட்டின் சாயலும் வந்து போகிறது.

குழுவின் ஜூட் அபட்டின் டிரம்பெட் வாசிக்கும் மெட்டைக் கவனியுங்கள். ஜெரமையா கிளார்க் என்ற இசையமைப்பாளர் சுமார் 1700-இல் எழுதிய 'டென்மார்க் இளவரசரின் அணிவகுப்பு' அது. 1981-இல் சார்லஸ்–டயானா திருமணத்தில் ஒலித்த இசை. அரச குடும்பத்தின் கல்யாண வாத்தியத்தைக் குடித்துவிட்டுத் தள்ளாடி வீடு திரும்பும் ஒருவனுக்கு வாசித்திருக்கிறார்கள். அனார்க்கிஸ்ட் கேலி இங்கே இருக்கிறது, ஆனால் அது தெரியாமலும் பாட்டை ரசிக்க முடியும். இந்தப் பாட்டின் பலமும் பலவீனமும் அதுவே.

ஆல்பத்தில் இருக்கும் வடிவத்தின் தொடக்கத்தில் ஒரு பேச்சு வரும். 'ப்ராஸ்ட் ஆஃப்' என்ற 1996 படத்தில், மூடப்படும் யார்க்‌ஷர் சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழுவை நடத்துபவராக பீட் போஸ்ட்லத்வெயிட் நடித்திருந்தார். இசைதான் முக்கியம் என்று நினைத்திருந்தேன், மனிதர்களுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்று அவர் பேசும் வசனத்தை எடுத்துப் பாட்டுக்கு முன்னால் வைத்தார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பல்லவிக்குள் போனால், விழுந்து எழுகிறவன் யார் என்பது விளங்கிவிடும்: வேலையை இழந்த சுரங்கத் தொழிலாளி. 1984-இல் அவர்கள் யாருக்காகப் பாடினார்களோ அவன்தான்.

வானொலிக்காகச் சுருக்கிய வடிவத்தில் அந்தப் பேச்சு இல்லை. உலகம் கேட்டது அந்தச் சுருக்கிய வடிவத்தைத்தான். முகவரி கிழிந்துபோன கடிதம் போல அது எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒன்றரை வருஷ வெளிச்சம்

1997 ஆகஸ்ட். டோனி பிளேரின் தொழிற்கட்சி 18 வருஷத்துக்குப் பிறகு ஆட்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாடு உற்சாகத்தில் இருந்தது. பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. முதலிடத்தைத் தடுத்தது வில் ஸ்மித்தின் 'மென் இன் பிளாக்'. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அயர்லாந்தில் முதலிடம். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஆறாம் இடம். 'டப்தம்பர்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் போனது. சராசரி வயது முப்பதைத் தாண்டிய, 15 வருஷமாகக் கலகப் பாட்டு பாடிய எட்டுப் பேருக்கு இது நடந்தது.

கிடைத்த ஒலிபெருக்கியை அவர்கள் வீணாக்கவில்லை. 1998 ஜனவரியில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் பாடும்போது, மரண தண்டனைக் கைதியான முமியா அபு-ஜமாலை விடுதலை செய் என்ற கோஷத்தைப் பாட்டுக்கு நடுவே செருகினார்கள். இன்னொரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழுவின் ஆலிஸ் நட்டர், எங்கள் ஆல்பத்தை வாங்கக் காசில்லையென்றால் பெரிய சங்கிலிக் கடைகளில் திருடிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பேசிவைத்தார். வர்ஜின் கடைகள் ஆல்பத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கவுன்டருக்குப் பின்னால் வைத்தன.

எல்லாவற்றுக்கும் உச்சம் 1998 பிப்ரவரி 9, லண்டனில் நடந்த பிரிட் இசை விருது விழா. லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்கள் சுமார் 500 பேர், மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போக மறுத்ததற்காக 1995-இல் வேலையிழந்து, இரண்டு வருஷத்துக்கும் மேல் போராடி, விழாவுக்குச் சில நாள் முன்புதான் தோல்வியோடு முடித்திருந்தார்கள். தொழிற்கட்சி அரசு கைகொடுக்கவில்லை. சம்பவாம்பா மேடையில் பாட்டின் வரியை மாற்றி, புதிய தொழிற்கட்சி துறைமுகத் தொழிலாளர்களை விற்றுவிட்டது என்று பாடியது. பிறகு டான்பர்ட் நோபேக்கன் துணைப் பிரதமர் ஜான் பிரஸ்காட் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய் ஐஸ் தண்ணீர்ச் சாடியை அவர்மேல் கவிழ்த்தார்.

இதை வெறும் ரவுடித்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரஸ்காட் பிரபுக் குடும்பத்து அரசியல்வாதி அல்ல. கப்பலில் பணியாளராக வேலை பார்த்து, கடல் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து மேலே வந்தவர். துறைமுகத் தொழிலாளர்களுக்காக யாராவது பேசுவார்கள் என்றால் அது அவராகத்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. இது அவருக்குத் தகுந்த தண்டனையா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். மேலதிகாரியை விட்டுவிட்டு நம்ம ஆளைத் திட்டுவது எளிது. எப்படியோ, மறுநாள் செய்திகளில் துறைமுகத் தொழிலாளர்களைவிட ஈரமான கோட்டுதான் அதிகம் இடம்பிடித்தது.

இரண்டாவது ஹிட் ஏன் வரவில்லை

முதலில் ஒரு திருத்தம். பிரிட்டிஷ் கணக்கில் அவர்கள் ஒரு ஹிட் குழு அல்ல. அடுத்த சிங்கிள் 'அம்னீசியா' 1998 ஜனவரியில் பத்தாம் இடம் வரை வந்தது. ஒற்றை ஹிட் என்ற முத்திரை பெரும்பாலும் அமெரிக்கப் பட்டியலை வைத்துக் குத்தப்படுவது. பிறகு உலகம் முழுக்க அதுவே ஒட்டிக்கொள்கிறது. 'டெக்ஸீஸ் மிட்நைட் ரன்னர்ஸ்' குழுவும் இப்படி மாட்டிக்கொண்டதுதான். பிரிட்டனில் அவர்களுக்கு 1980-லும் 1982-லும் முதலிடப் பாடல்கள் உண்டு, அமெரிக்காவுக்கோ அவர்கள் இரண்டாவதை மட்டும் பாடியவர்கள்.

அமெரிக்காவில் தொடர்ச்சி இல்லாமல் போனதற்குக் காரணங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, எட்டுப் பேர், பல பாடகர்கள், முன்னிறுத்த ஒரு முகம் இல்லை. ரசிகர் விசுவாசம் பெரும்பாலும் முகத்தின்மேல்தான் கட்டப்படுகிறது. அப்புறம், 'அம்னீசியா' அரசியல்வாதிகளின் வாக்குறுதிகளை மறந்து மறந்து வாக்களிப்பதைப் பற்றியது; விருந்தில் துள்ள ஏற்ற பாட்டு அல்ல. ஆனால் பெரிய காரணம், அவர்கள் அதே அச்சில் இன்னொன்று வார்க்க முயலவேயில்லை என்பது. 2000-இல் வந்த 'விசிவிக்' ஆல்பம் தொலைக்காட்சி சேனல்களை மாற்றிக்கொண்டே போவது மாதிரி குட்டிக் குட்டிப் பாட்டுகளால் ஆனது. ஊடகங்களைக் கிண்டல் செய்வது. நடுவில் பீஜீஸ் குழுவின் பழைய சுரங்க விபத்துப் பாட்டு ஒன்றையும் பாடி வைத்தார்கள். சுரங்கத்தை அவர்களால் விட முடியவில்லை போலும். ஆல்பம் விற்கவில்லை. 2001 வாக்கில் ஈஎம்ஐ உறவு முடிந்தது, 'மட்' என்ற பெயரில் மறுபடி சொந்த நிறுவனம்.

காசு போன வழி

1998 உலகக் கோப்பை விளம்பரத்துக்காக நைக்கி நிறுவனம் 15 லட்சம் டாலர் தர முன்வந்தது. மறுத்துவிட்டார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் கேட்டபோதும் இல்லை என்றார்கள். அது ராணுவத் தளவாடங்களோடு தொடர்புள்ள நிறுவனம். ஆனால் 2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ், பான்டியாக் வைப் காரின் விளம்பரத்துக்கு 'பாஸ் இட் அலாங்' பாட்டைக் கேட்டபோது சரி என்றார்கள். 70,000 டாலர் என்றும் 1,00,000 டாலர் என்றும் இருவிதமாகச் சொல்லப்படும் அந்தத் தொகை, அப்படியே இண்டிமீடியா என்ற மாற்று ஊடக அமைப்புக்கும், பெருநிறுவனங்களைக் கண்காணிக்கும் கார்ப்வாட்ச் என்ற அமைப்புக்கும் போனது. அந்த இரண்டு அமைப்புகளும் அதே பணத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிராகவே பிரசாரம் செய்தன. தொண்ணூறுகளில் தோழர்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை அவர்கள் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கொள்கை எப்போதும் நேர்க்கோட்டில் ஓடியது என்றும் சொல்ல முடியாது. நைக்கிக்கு மறுக்கப்பட்ட அதே பாட்டு, அதே உலகக் கோப்பைக்காக இஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட வீடியோ கேமின் தொடக்கத்தில் ஒலித்தது.

பாட்டு போன வழி

2004-க்குப் பிறகு ஆலிஸ், டான்பர்ட், டன்ஸ்டன் புரூஸ், ஹாரி ஹாமர் விலக, மீதமிருந்தவர்கள் மின் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு நாட்டார் இசைக் குழுவாக மாறினார்கள். 1988-இன் கலகப் பாடல்கள் ஆல்பத்தை ஏற்கெனவே 2003-இல் மறுபடி பதிவு செய்திருந்தார்கள். தலைப்பில் 1914 இப்போது 1984 ஆகியிருந்தது. 2008-இல் வந்த ஆல்பத்துக்கு 150 சொற்களுக்கும் மேல் நீளமான தலைப்பு வைத்து கின்னஸ் சாதனை செய்தார்கள். சின்ன அரங்குகள், அகார்டியன், நான்கைந்து குரல்கள். என் காதுக்கு அவர்களுடைய ஆகச் சிறந்த பாடல்கள் இந்தக் காலத்தவை. கேட்டவர்கள் சில ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். 2012 அக்டோபர் 31-இல் லீட்ஸ் சிட்டி வெரைட்டீஸ் அரங்கில் கடைசிக் கச்சேரி. தாட்சர் இறந்த பிறகுதான் அனுப்புவோம் என்று சொல்லி 2005-லேயே முன்பதிவு வாங்கி வைத்திருந்த ஒரு சிறு இசைத்தட்டை, 2013 ஏப்ரலில் அவர் இறந்ததும் சொன்னபடி அனுப்பிவைத்தார்கள். ஆலிஸ் நட்டர் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதுகிறார். பாஃப் வாலி நாடகம், புத்தகம், லீட்ஸில் ஒரு சமூகப் பாடகர் குழு என்று இருக்கிறார். டன்ஸ்டன் புரூஸ் தன் கதையை 2021-இல் ஆவணப்படமாக்கினார்.

பாட்டு மட்டும் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. 2011-இல் பிரிட்டனின் வலதுசாரிக் கட்சியான யுகிப் மாநாட்டில் அன்றைய கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் மேடையேறியபோது ஒலித்தது அதுதான். குழு எதிர்த்து அறிக்கை விட்டது. 2024 மார்ச்சில் நியூசிலாந்தின் அன்றைய துணைப் பிரதமர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் கூட்டத்திலும் அதே பாட்டு. அவர் கட்சி 2020-இல் நாடாளுமன்றத்திலிருந்தே துடைத்தெறியப்பட்டு 2023-இல் திரும்பி வந்தது. விழுந்து எழுந்த கதை அவருக்கும் அப்படியே பொருந்துகிறது, அதுதான் சிக்கல்.

நைக்கியைத் தடுக்க முடிந்தவர்களால் ஃபராஜைத் தடுக்க முடியாதது ஏன் என்று தோன்றலாம். இரண்டும் வேறு வேறு உரிமைகள். விளம்பரத்திலோ படத்திலோ கேமிலோ ஒரு பாட்டைக் காட்சியோடு சேர்க்க வேண்டுமானால் உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும். அவர் மாட்டேன் என்றால் கதை முடிந்தது. நியூசிலாந்திலேயே இதற்கு உதாரணம் உண்டு: 2014 தேர்தல் விளம்பரத்தில் எமினெம் பாட்டைப் போன்ற ஒரு நகலைப் பயன்படுத்திய நேஷனல் கட்சிக்கு எதிராக 2017-இல் தீர்ப்பு வந்து, 6,00,000 நியூசிலாந்து டாலர் கட்ட உத்தரவானது, மேல்முறையீட்டில் அது 2,25,000 ஆகக் குறைந்தது. ஆனால் ஒரு மண்டபத்தில் ஒலிபெருக்கியில் போடுவது பொது நிகழ்த்துதல். அதற்கு மண்டபமே இசை உரிமச் சங்கத்திடம் மொத்தமாக உரிமம் வாங்கி வைத்திருக்கும். பட்டியலில் உள்ள எந்தப் பாட்டையும் போடலாம், பாட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. அவருக்குச் சேர வேண்டிய சில்லறை சங்கத்தின் வழியாக வந்துவிடும். அமெரிக்காவில் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற சங்கங்கள் அரசியல் பிரசாரத்துக்குத் தனி உரிமம் வைத்து, அதிலிருந்து தன் பாட்டை விலக்கிக்கொள்ள எழுதியவருக்கு வழி தந்திருக்கின்றன. பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை இருக்கிறது. ஆனால் பாட்டை மாற்றாமல் அப்படியே போட்டால் அதைச் சிதைப்பு என்று வாதிட்டு ஜெயிப்பது கஷ்டம்.

அதனால் பெரும்பாலும் மிஞ்சுவது, நீங்கள் இந்தப் பாட்டைப் போடுவது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்வது. பீட்டர்ஸ் விஷயத்திலும் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். குழுவே கலைந்து 11 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.